மற்றும் குழுவினர்

என் பேத்திக்கு ஆறாம் வகுப்பில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள்: "உங்கள் ஊரின் புகழ்பெற்ற மனிதர்கள் பத்துப் பேர்." சார்ட் அட்டையில் பத்துக் கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் படம் ஒட்டி, கீழே இரண்டு வரி எழுத வேண்டும். ரிஷிவந்தியத்திலேயே பிறந்து, சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்களில் முப்பது வருடத்துக்கு மேல் பாடம் சொல்லிவிட்டு ஓய்வில் இருக்கும் ஒருவன் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது, அவள் வேறு யாரைக் கேட்பாள்? பென்சிலும் அடிக்கோலுமாக எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க தாத்தா. ஒண்ணு?"

"விஜயகாந்த்."

"அவரு மதுரைப் பக்கம்னு அப்பா சொன்னாரே?"

சரிதான். 2011 சட்டமன்றத் தேர்தலில் அவர் எங்கள் தொகுதியில் நின்று ஜெயித்தார். அவர் கட்சிக்கு 29 இடம் கிடைத்தது. எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். அதுவரை வெளியூரில் ஊர்ப் பெயரைச் சொன்னால் "அது எந்தப் பக்கம்?" என்று கேட்டவர்கள், "கேப்டன் தொகுதியா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஐந்து வருடம் அந்த வெளிச்சத்தில் குளிர்காய்ந்தோம். 2016-இல் அவர் உளுந்தூர்பேட்டைக்குப் போய் நின்று தோற்றார். 2023 டிசம்பர் 28-இல் அவர் இறந்த அன்று முச்சந்தியில் படம் வைத்து மாலை போட்டோம். அவரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அவருக்கு முன்னால் 1996, 2001, 2006 என்று மூன்று தேர்தலிலும் அடுத்தடுத்து ஜெயித்த எஸ். சிவராஜ் பெயர் எனக்கு அன்று ராத்திரி படுத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. வந்து போனவரை முதலில் சொன்னேன், இருந்தவரை மறந்தேன். எங்கள் ஊர் வழக்கமே அதுதான்.

"ரெண்டு?"

ரிஷிகள் என்று சொல்லிப் பார்த்தேன். ரிஷிகள் வந்து வணங்கியதால் ரிஷிவந்தியம் என்பது தலபுராணம். "எந்த ரிஷி தாத்தா, பேரு?" என்றாள். ஊர்ப் பெயரிலேயே பெயரில்லாதவர்களை வைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அறுபத்தைந்து வயதில் எனக்கு உறைத்தது. ரிஷிகள் மற்றும் குழுவினர்.

அந்த "மற்றும் குழுவினர்" எனக்கு மிகவும் பழக்கமான சொல். ஏனென்றால் அதை எழுதுகிறவனே நான்தான்.

எங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குப் பத்து ராத்திரி பாரதக் கூத்து நடக்கும். பகலில் பிரசங்கியார் பாரதம் படிப்பார், ராத்திரி கூத்து, கடைசி நாள் காலையில் படுகளம். விழாவுக்கு ஒரு நோட்டீஸ் அடிப்போம். பள்ளிக்கூட வாத்தியார், கையெழுத்து நன்றாக இருக்கும், பிழை இல்லாமல் எழுதுவார் என்று அந்த வேலை பல வருடமாக என் தலையில் இருக்கிறது. அதற்கென்று ஓர் இலக்கணம் உண்டு. மேலே அம்மன் படம். அடுத்து வாழ்த்துரை வழங்குவோர். அதற்குக் கீழே நாள்வாரியாக நிகழ்ச்சி. பக்கத்திலேயே அன்றைய உபயதாரர். உபயதாரர் வரிசை பணத்தின் வரிசை: ஐயாயிரத்து ஒன்று, இரண்டாயிரத்து ஒன்று, ஆயிரத்து ஒன்று. ஐந்நூற்று ஒன்று கொடுத்தவர் இனிஷியல் தப்பாகப் போனால் வீட்டுக்கே வந்து சண்டை போடுவார். கடைசியில், அச்சகத்தின் பெயருக்குச் சற்று மேலே, பொடி எழுத்தில், "தெருக்கூத்து: இன்னார் மற்றும் குழுவினர்."

பத்து ராத்திரி கண் விழித்து ஆடுகிறவர்களுக்கு அரை வரி. அதிலும் கூத்து வாத்தியார் ஒருவர் பெயர் மட்டும். கட்டை கட்டி, அரிதாரம் பூசி, விடியும்வரை கர்ணனாகவும் துச்சாதனனாகவும் நின்றவர்கள், திரௌபதி வேடம் கட்டியவர், கட்டியங்காரன், முகவீணைக்காரர், மிருதங்கக்காரர், தாளம், பின்பாட்டு எல்லோரும் அந்த இரண்டு சொல்லுக்குள் அடக்கம். அர்ச்சுனன் தபசுக்கு வேடக்காரர் கம்பம் ஏறும்போது நாங்கள்தான் கீழே கையெடுத்துக் கும்பிட்டோம். காலையில் டீக்கடையில் அதே ஆள் வந்து நின்றால், "என்னப்பா, ராத்திரி நல்லாப் பண்ணினே" என்பதோடு சரி. நாலு ஊரில் நாற்பது வருடம் அர்ச்சுனனாக நின்ற அவர் பெயர் எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கேட்டால், "அந்த அர்ச்சுனன் வேசக்காரர்" என்போம்.

கூத்து வாத்தியார் ஒருமுறை என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், நோட்டீசுல நம்ம பசங்க பேரும் ஒரு வரி வந்தா…" இடமில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றேன். அடுத்த வருடமும் நான்தான் எழுதினேன். அவர் அப்புறம் கேட்கவில்லை. "நாங்கள்", "நாம்" என்று பன்மையில் எழுதினால் ஒளிந்துகொள்ள வசதி; அதனால் என் கணக்கை முதலில் தனியாகச் சொல்லிவிட்டேன். இனி நாங்கள்.

எங்கள் வட்டாரத்தில் புகழ்பெற்றவர்களுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. கொஞ்சம் வடகிழக்கே போனால் திருக்கோவிலூர். பழைய கோவலூர். கடையெழு வள்ளல்களில் ஒருவனான மலையமான் திருமுடிக்காரியின் ஊர். முள்ளூர் மலை அவனுடையது. கபிலர் அவனைப் பாடியிருக்கிறார். அவன் மரபை மாறோக்கத்து நப்பசலையார் பாடியிருக்கிறார். தகடூர் அதியமான் வந்து இந்தக் கோவலூரை அடித்து நொறுக்கியதும் சங்கப் பாட்டில் இருக்கிறது. மெய்ப்பொருள் நாயனார் ஆண்டதும் இங்கேதான். முதலாழ்வார் மூவர் ஒரு மழை ராத்திரியில் ஒரு இடைகழியில் நெருக்கிக்கொண்டு நின்றதும் இங்கேதான். தெற்கே இறங்கினால் திருநாவலூர், சுந்தரர் பிறந்த ஊர். ராஜராஜ சோழனைப் பெற்ற வானவன் மாதேவி மலையமான் குலத்துப் பெண். கணவன் சுந்தர சோழன் இறந்தபோது பால்குடி மறக்காத பிள்ளையை விட்டுவிட்டு உடன் மாய்ந்தாள். இவ்வளவும் புத்தகத்தில் உண்டு. பட்டிமன்றத்தில் பேசுகிறோம், கல்யாணப் பத்திரிகையில் "வள்ளல் ஆண்ட மண்ணில்" என்று போடுகிறோம், மலையமான் எங்கள் ஆள் என்று சாதிக்குச் சாதி போர்டு வைக்கிறோம். வேறென்ன செய்தோம் என்றால் சொல்ல ஒன்றுமில்லை.

பேத்திக்காகத்தான் மறுபடியும் திருக்கோவிலூர் போனேன். பெண்ணையாற்றுக்குள் நிற்கும் கபிலர் குன்றைப் படம் எடுக்க வேண்டும் என்றாள். வீரட்டானேஸ்வரர் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. பாரி இறந்தபின் அவன் மகளை மலையமான் குலத்துக்குக் கொடுத்துவிட்டு, பெண்ணையாற்றுப் பாறையில் கபிலர் நெருப்புக்குள் புகுந்தார் என்கிறது அது. கபிலர் இறந்து எத்தனையோ நூற்றாண்டு கழித்தும் ஊர் அதை நினைவில் வைத்திருந்து கல்லில் வெட்டியிருக்கிறது. இதை அவளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "பாரி மகள் பேரு?" என்றாள். கல்வெட்டில் இல்லை. புறநானூற்றிலும் அவர்கள் பாரி மகளிர்தான். அங்கவை, சங்கவை என்பதெல்லாம் பிற்காலத்து வழக்கு. சோழன் கிள்ளிவளவன் யானைக் காலில் இடப் பார்த்து, கோவூர் கிழார் பாடிக் காப்பாற்றிய மலையமானின் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கும் பாட்டில் பெயர் கிடையாது. பள்ளிக்கூடத்தில் இந்தப் பாட்டை எத்தனை வருடம் நடத்தியிருப்பேன்! ஒரு வருடம்கூட எந்தப் பையனும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஜம்பைக்கும் போனோம். மணலூர்ப்பேட்டைப் பக்கம், பெண்ணையாற்றை ஒட்டிய சின்ன ஊர். 1981-இல் அங்கே ஒரு பாறைக் குகையில் தமிழ்ப் பிராமி எழுத்து ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அசோகன் கல்வெட்டில் வரும் "சத்தியபுத்திரர்" யார் என்று அதுவரை அறிஞர்கள் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதியமான் நெடுமான் அஞ்சிதான் என்று இந்த ஒற்றை வரி தீர்த்துவைத்தது. தமிழ்நாட்டு வரலாற்றில் இது சின்ன விஷயமில்லை. அந்த வரி சொல்லும் சேதி என்னவென்றால், துறவிகள் தங்க இந்தப் பள்ளியை அதியமான் கொடுத்தான். அதாவது உபயம்: அதியமான். பாறையைச் செதுக்கியவன் யார், அதில் படுத்திருந்த துறவி யார்? மற்றும் குழுவினர். அதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். நான் எழுதுகிற நோட்டீசுக்கு ஈராயிரம் வருட மரபு இருக்கிறது.

அதே ஜம்பையின் கோயில் கல்வெட்டுகளில் ஒன்று என்னைச் சிரிக்க விடவில்லை. சோழர் காலத்தது. நீலகண்ட சாஸ்திரியார் தம் சோழர் வரலாற்றில் எடுத்துச் சொல்லியிருப்பதால் படித்தவர்கள் சிலருக்குத் தெரிந்திருக்கும். எங்கள் ஊரில் கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. வரி வசூலிக்கும் ஒருவன் ஒரு பெண்ணிடம் வரி கேட்கிறான். நான் கட்ட வேண்டியதில்லை என்கிறாள். அவன் விடவில்லை, சோதனைக்கு உட்படுத்தி நெருக்குகிறான். அவள் நஞ்சு குடித்துச் சாகிறாள். நாலு திசையிலிருந்தும் ஜனங்கள் கூடுகிறார்கள். அவள் சாவுக்கு அவனே பொறுப்பு என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். பழி தீர அவன் 32 காசு கொடுத்துக் கோயிலில் விளக்கெரிக்க ஏற்பாடு செய்கிறான்.

கல் அவளுக்காக வெட்டப்படவில்லை. விளக்குக்காக வெட்டப்பட்டது. விளக்கு யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது, எவ்வளவு காசு என்று கணக்கு இருக்க வேண்டுமல்லவா? அந்தக் கணக்குக்குள் மாட்டிக்கொண்டு அவள் இவ்வளவு காலம் தப்பி வந்திருக்கிறாள். அவளைக் கொன்றவன்தான் அன்றைய உபயதாரர். அவன் காசு வைக்காமல் போயிருந்தால் அவள் சாவு அந்தத் தலைமுறையோடு போயிருக்கும். அதிகாரத்தை எதிர்த்து "கட்ட மாட்டேன்" என்று சொன்ன ஒரு பெண், அவளுக்காகக் கூடி அதிகாரியைக் குற்றவாளி என்று சொன்ன ஒரு ஜனக் கூட்டம். இதைவிடப் பெரிய புகழ் இந்த மண்ணுக்கு என்ன வேண்டும்? சார்ட்டில் முதல் கட்டத்தில் இருக்க வேண்டியவள் அவள். நாங்கள் அவளுக்கு ஒரு கூத்துப் பாட்டுக்கூடக் கட்டவில்லை. கல்வெட்டைக் காப்பாற்றினோமா என்றால் அதுவும் இல்லை. இந்த வட்டாரத்துக் கோயில் ஒன்றில் திருப்பணி என்று சொல்லிக் கல்வெட்டுச் சுவரின் மேலேயே எனாமல் பெயின்ட் அடித்தார்கள். கமிட்டியில் நானும் இருந்தேன். எந்த நிறம் எடுப்பாக இருக்கும் என்பதில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு.

தியாகதுருகம் எங்களுக்குப் பக்கத்து ஊர். மலைமேல் கோட்டை, உச்சியில் பீரங்கி கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை பையன்கள் ஏறிப் படம் எடுப்பார்கள். 1760-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி இந்தக் கோட்டையை ஹைதர் அலி தரப்புக்குக் கொடுத்தார். 1790-இல் திப்பு வந்து முற்றுகை போட்டபோது உள்ளே இருந்து தாக்குப்பிடித்தவர் கேப்டன் ஃபிளின்ட். அதற்குப் பத்து வருடம் முன்னால் வந்தவாசிக் கோட்டையைக் காத்துப் பெயர் எடுத்தவர். இவர் பெயர் எப்படித் தெரியும் என்றால், வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்தார்கள். கோட்டைக்குள் தண்ணீர் சுமந்தவர்கள், மதிலுக்கு வெளியே அடைக்கலம் கேட்டு நின்ற குடியானவர்கள் எல்லாம் நம் பாட்டன் பூட்டன்கள்தானே? அவர்களை எழுத வேண்டியவர்கள் நாம். எங்கள் ஜில்லாவைப் பற்றி எதையாவது தேட வேண்டுமென்றால் இன்றைக்கும் 1878-இல் கார்ஸ்டின் எழுதிய தென்னார்க்காட்டு மேனுவலையும் 1906-இல் ஃபிரான்சிஸ் எழுதிய கெசட்டியரையும்தான் புரட்டுகிறோம். அவர்கள் சர்க்கார் வேலையில் இருந்தபடியே எழுதினார்கள். எங்களில் எத்தனை பேர் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிறோம்!

மலைக்கு வருகிறேன். கல்வராயன் மலை எங்கள் மேற்கு வானத்தில் நிற்கிறது. மழை அங்கிருந்து வருகிறதா என்று பார்க்கத்தான் பெரும்பாலும் அந்தப் பக்கம் தலையைத் திருப்புவோம். 1976 வரை அது ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர். நாடு விடுதலையாகி ஏறக்குறைய முப்பது வருடம், கீழே நாங்கள் ஐந்து பொதுத்தேர்தலில் ஓட்டுப் போட்ட பிறகும், மேலே ஜாகிர்தார் நிலத்தில் கூலியில்லாமல் உழுதுகொண்டிருந்தார்கள். எங்களுக்கு அது ஒரு செய்தியாகவே இல்லை. மலையிலிருந்து கடுக்காயும் தேனும் சாமையும் புளியும் இறங்கும். விலை கேட்டோம், எடை போட்டோம், பாதி நேரம் எடையிலும் ஏமாற்றினோம். பெயர் கேட்டதில்லை. "ஏ மலைக்காரா" என்றே கூப்பிட்டோம், அப்பன் வயதுக்காரரையும். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் வந்தார்கள், ஆளுக்கொரு மலையில் தங்கினார்கள் என்று இங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் சொல்லும் ஊர்க்கதையைக்கூட நாங்கள் அவர்கள் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. தர்ஸ்டன் தொகுத்த ஆங்கிலப் புத்தகத்தில் இருக்கிறது.

எங்கள் அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் தேன் அபிஷேகம் விசேஷம். தேனை ஊற்றும்போது லிங்கத்தில் அம்மையப்பன் வடிவம் தெரியும் என்று வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். தேன் வாங்கிக் கொடுத்தவர் பெயரைச் சொல்லி அர்ச்சனை நடக்கும். பாறை இடுக்கில் கயிறு கட்டித் தொங்கித் தேன் எடுத்தவர் பெயருக்கு, நட்சத்திரத்துக்கு யார் அர்ச்சனை செய்திருக்கிறோம்?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்த வாரம் பத்திரிகைகளில் பெயர், வயது, தெரு என்று வரிசையாக வந்தது. கூலிவேலை செய்கிறவர்களின் பெயர்கள் இவ்வளவு வரிசையாக எங்கள் மாவட்டத்திலிருந்து அச்சேறி நான் பார்த்தது அப்போதுதான். அதற்குப் பிறகுதான் உயர் நீதிமன்றம் தானாக வழக்கெடுத்து, கல்வராயன் மலையில் ரோடு இருக்கிறதா, ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்தது. நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

இவ்வளவும் பேத்திக்குச் சொல்லவில்லை. அவளுக்குப் பத்துப் பெயர் வேண்டும். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். ஏரி மடையைத் திறந்து கடைமடை வரைக்கும் தண்ணீர் சண்டையில்லாமல் பிரித்துவிட்ட நீர்க்கட்டியைச் சொல்லலாமா என்று யோசித்தேன். இந்த ஊர் சோறு தின்றது அவர் கணக்கில். பெரியவர்கள் நாலு பேரிடம் விசாரித்தேன். "அவனா, கறுப்பா உயரமா இருப்பானே" என்றார்கள். பேர் வரவில்லை. விசாரிக்கப் போன நானும் எங்கள் தெரு, அடுத்த தெரு என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிட்டேன் என்பது வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் தெரிந்தது. அவர் பிள்ளைகள் இருக்கும் காலனி ஊருக்குக் கிழக்கே, நடந்தால் ஏழெட்டு நிமிஷம். சின்னசேலம், கள்ளக்குறிச்சிப் பக்கம் தச்சர்கள் வாகை மரத்தில் செதுக்கும் சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு ஊர்ப் பெயரில், செதுக்கியவர் பெயரில் இல்லை என்று அப்போது மேடையில் குறைப்பட்டுப் பேசியவன் நான். மேடையில் பேசுவதற்கு நடக்க வேண்டியதில்லை.

மறுநாள் நடந்தேன். நீர்க்கட்டியின் பெயர் கிடைத்தது. பேத்தி அதை ஆறாவது கட்டத்தில் எழுதினாள். படம் இல்லாததால் ஒரு மடை வரைந்தாள். நாலாவது கட்டத்தில் ஜம்பைப் பெண். பெயருக்குப் பதில் விளக்கு வரைந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் விஜயகாந்துக்கும் கபிலருக்கும் டிக் போட்டு, இந்த இரண்டுக்கும் கேள்விக்குறி போட்டுக் கொடுத்தார்கள்.

இந்த வருடத்து நோட்டீசுக்குக் கூத்து வாத்தியாரைத் தேடிப் போனேன். கண் மங்கிவிட்டது, வேடம் கட்டுவதை விட்டுவிட்டார், பின்பாட்டுக்கு மட்டும் உட்காருகிறார். குழுவில் யார் யார் என்று கேட்டதும் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூச்சு விடாமல் பதினாலு பேர் பெயரையும், அவரவர் அப்பா பெயர், ஊர், கட்டும் வேடத்தோடு ஒப்பித்தார். அதில் எனக்கு ஏற்கெனவே தெரிந்த பெயர் மூன்று.

"நோட்டீசுக்கா சார்?" என்றார்.

"ஆமாம் வாத்தியாரே. முழுசாப் போட்டுடறேன்."

கமிட்டியில் இடம் இல்லை என்றார்கள். உபயதாரர் யாரையும் எடுக்க முடியாது, வருத்தப்படுவார்கள். என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன்; வாழ்த்துரை வரிசையிலும் ஒன்று, ஒருங்கிணைப்பு என்ற இடத்திலும் ஒன்று இருந்தது. இரண்டு வரி கிடைத்தது. ஒன்பது பெயர் கொள்ளும் என்றார் அச்சகத்துத் தம்பி. எந்த ஒன்பது என்று தாங்களே பார்த்துக்கொள்வதாகக் கமிட்டிக்காரர்கள் சொன்னார்கள். நான் சரி என்று வந்துவிட்டேன். ப்ரூஃப் வந்த அன்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு விடுபட்ட ஐந்து பேர் யார் என்று பார்த்தேன். நாலு பேர் காலனி. ஐந்தாவது, முகவீணைக்காரர்.

மூன்றாவது வரி "மற்றும் குழுவினர்" என்றுதான் முடிந்திருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.